வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழிலுக்கு மூன்று குடும்பப் பெயர் எப்படி வந்தது?

பிராட்ஃபோர்டு பாலா எழுதியது:

இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸிட்டரில் வேலை பார்த்த காலத்தில் தடுக்கி விழுந்தால் டக்கர் என்ற குடும்பப் பெயர்தான். கசாப்புக் கடைப் பலகையில் டக்கர், மகள் வகுப்பில் டக்கர், வீட்டுக்கு வந்த பிளம்பர் டக்கர். இங்கே வடக்கே யார்க்‌ஷயருக்கு வந்த பிறகு டக்கரையே காணோம், எங்கு பார்த்தாலும் வாக்கர். இரண்டும் ஒரே தொழிலைக் குறிக்கும் பெயர், கூடவே ஃபுல்லர் என்பதும் அதே தொழில்தான் என்று ஒருவர் சொன்னார். டக்கரும் வாக்கரும் எப்படி ஒன்றாகும்? வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதானே யாருக்கும் தோன்றும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஏடுபுரட்டி எழுதியது:

பாலா, உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றுமே கம்பளித் துணியை மிதித்து இறுக்கும் தொழிலாளியின் பெயர்கள்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே உடுத்த லாயக்கில்லாதது. இழைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் ஆட்டு மயிரின் இயல்பான பிசுக்கும் அதிலேயே இருக்கும். அதை ஒரு தொட்டியில் போட்டு, தண்ணீரும் பல நாள் வைத்துப் புளிக்கவிட்ட மூத்திரமும் ஊற்றி, வெறுங்காலோடு இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மூத்திரம் பழசாகும்போது உண்டாகும் அம்மோனியா பிசுக்கை அறுக்கும். அப்புறம் ஒருவகைக் களிமண்ணைச் சேர்ப்பார்கள், நம் ஊரில் முகத்தில் பூச முல்தானி மிட்டி என்று விற்கிறார்களே, அதே இனம். இங்கிலாந்தில் சர்ரே, பெட்ஃபோர்டுஷயர் பக்கம் இந்த மண் ஏராளமாகக் கிடைத்தது. மிதிக்க மிதிக்க கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும், கடைசியில் நெய்த இழையே கண்ணுக்குத் தெரியாது. அதை அலசி, மரச்சட்டத்தில் கொக்கி கொக்கியாக மாட்டி இழுத்துக் காயவைத்தால்தான் மழைக்கும் குளிருக்கும் தாங்கும் துணி.

இந்த வேலையைச் செய்தவனைத் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள், லத்தீன் 'ஃபுல்லோ'விலிருந்து வந்தது, 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பிரெஞ்சும் அதற்குத் துணை நின்றது. டெவன், சாமர்செட், கார்ன்வால் போன்ற தென்மேற்குப் பகுதிகளில் டக்கர். பழைய ஆங்கிலத்தில் 'டூகியன்' என்றால் வதைப்பது, துன்புறுத்துவது. துணியைப் போட்டு அடித்துத் துவைப்பதற்குப் பொருத்தமான சொல்தான். வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர். அது 'வெயல்கன்' என்ற சொல்லிலிருந்து வந்தது, அதன் பழைய பொருள் உருட்டுவது, புரட்டுவது. 'நடப்பது' என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்பாடு ஏறியது.

ஊர்ப்பெயர்களும் இதே வரைபடத்தைத்தான் காட்டுகின்றன. கார்ன்வாலில் கேம்போர்ன் பக்கத்தில் டக்கிங்மில் என்றே ஓர் ஊர் இருக்கிறது, வடக்கே வாக் மில் என்ற பெயர் பல இடங்களில் கிடைக்கும். வேல்ஸ் போனால் பாண்டி, அதுவும் துணி மிதிக்கும் ஆலைதான். எக்ஸிட்டரில் இருந்தவர் நீங்கள், ஃபோர் ஸ்ட்ரீட்டில் டக்கர்ஸ் ஹால் பார்த்திருப்பீர்கள். நெசவாளர், டக்கர், துணி கத்தரிப்பவர் ஆகியோரின் சங்கம் 1471-இல் கட்டிய மண்டபம் அது, இன்றும் நிற்கிறது.

காடோடி எழுதியது:

வாக்கர் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அரச வனங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 'வாக்' என்றார்கள், அதைச் சுற்றிவந்து காவல் காத்த ஊழியன் வாக்கர். மான் திருடுபவனைப் பிடிப்பது, மரம் வெட்டுபவனைத் தடுப்பது அவன் வேலை. பழைய குடும்பப் பெயர் நூல்களில் இந்த விளக்கமும் இருக்கிறது. ஃபாரஸ்டர், பார்க்கர், ஃபாஸ்டர் என்று வன ஊழியர் பெயர்கள் இத்தனை இருக்கும்போது வாக்கர் மட்டும் ஏன் துணிக்காரனாக வேண்டும்?

ஏடுபுரட்டி எழுதியது:

காடோடி, வன ஊழியனுக்கு அந்தச் சொல் இருந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. இடிப்பது காலக்கணக்கு. வனப்பகுதியை 'வாக்' என்று சொல்லும் வழக்கு குடும்பப் பெயர்கள் உறைந்துபோன காலத்துக்குப் பிந்தியது. வாக்கர் என்ற பெயரோ 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே தாராளமாகக் கிடைக்கிறது, பல இடங்களில் 'லெ வாக்கர்' என்று தொழிலைச் சுட்டும் வடிவத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வனக்காவலன்தான் மூலம் என்றால் தெற்கே ஹாம்ப்‌ஷயரின் நியூ ஃபாரஸ்ட்டைச் சுற்றி வாக்கர்கள் குவிந்திருக்க வேண்டுமே? வாக்கர் அடர்ந்து கிடப்பது யார்க்‌ஷயரில், துணி நெய்த பள்ளத்தாக்குகளில்.

செல்வி_நூலகம் எழுதியது:

ஏடுபுரட்டி அண்ணா சொன்னதற்கு வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. 1380-களில் விக்ளிஃப் குழுவினர் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் மலைமேல் இயேசுவின் ஆடை வெண்மையாக ஒளிர்ந்ததைச் சொல்லும் இடத்தில் "ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்" என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு வட்டாரத்துக்காரனுக்கு ஒரு சொல் புரியும், இன்னொருவனுக்கு மற்றது புரியும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்க வேண்டும்.

நம் தமிழ் பைபிளில் அதே வசனத்தில் "எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மை" என்று வரும், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு ஃபுல்லர் என்றால் சலவைத் தொழிலாளி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இங்கிலாந்து ஃபுல்லர் உடுத்திய துணியை வெளுத்துக் கொடுத்தவர் அல்ல, புதுத் துணியைச் சந்தைக்குத் தயார் செய்தவர்.

தறிக்காரர் மகன் எழுதியது:

நான் கேட்க நினைத்தது ஒன்று. தொழில் பெயரே குடும்பப் பெயர் என்றால் அது நம் ஊர்ச் சாதிப் பெயர் மாதிரி ஆளை அடையாளம் காட்டிவிடாதா? மூத்திரத் தொட்டியில் இறங்கி மிதித்தவன் பிள்ளை என்று காலத்துக்கும் பெயரிலேயே சுமக்க வேண்டியிருக்குமே.

ஏடுபுரட்டி எழுதியது:

நல்ல கேள்வி. ஆரம்பத்தில் அந்தப் பெயர் குடும்பத்தோடு ஒட்டியே வரவில்லை. 1200 வாக்கில் ஒரு ஜான் துணி மிதித்தால் அவன் ஜான் வாக்கர், அவன் மகன் வில்லியம் ரொட்டி சுட்டால் வில்லியம் பேக்கர். தகப்பனுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. 1066-க்குப் பிறகு நிலம் வைத்திருந்த நார்மன் பிரபுக்கள்தான் முதலில் பெயரை வாரிசுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள், சொத்து யாருக்குச் சேரும் என்பதற்கு அது பயன்பட்டது. தெற்கே சாதாரண மக்களிடம் 1250-க்கும் 1350-க்கும் நடுவே அது பரவியது, வடக்கே 15-ஆம் நூற்றாண்டுவரைகூட இழுத்தது.

பெயர் பரம்பரையாக உறைந்த அதே கட்டத்தில் தொழில் பெயரைவிட்டுக் கழன்றுகொண்டது. 1377, 1379, 1381 ஆண்டுகளில் மூன்று முறை தலைவரி வாங்கினார்கள். யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கான 1379 பட்டியல் அச்சிலேயே இருக்கிறது, ஊர் ஊராக ஆட்கள் பெயர், சில இடங்களில் தொழில், கட்டிய தொகை எல்லாம் உண்டு. அதில் பெயரும் தொழிலும் பொருந்துகிற ஆட்களும் இருப்பார்கள், பொருந்தாதவர்களும் இருப்பார்கள். பெயர் பரம்பரைச் சொத்தாக மாறிக்கொண்டிருந்த இடைக்காலத்தை நேரிலேயே பார்க்கிற மாதிரி இருக்கும், எனக்கு அந்தப் பட்டியல்மேல் தனிப் பிரியம். இரண்டு தலைமுறை போனால் வாக்கர் என்ற பெயரைக் கேட்டு யாரும் தொட்டியை நினைக்கவில்லை, திருமணத்துக்கோ நிலம் வாங்கவோ அது குறுக்கே நிற்கவில்லை.

1381 தலைவரிதான் விவசாயிகள் கிளர்ச்சிக்கும் தீ மூட்டியது. அதில் நார்ஃபோக் பகுதிக்குத் தலைமை தாங்கியவர் ஜெஃப்ரி லிட்ஸ்டர். லிட்ஸ்டர், லிஸ்டர் என்றால் சாயம் தோய்ப்பவர், அவரும் சாயத் தொழிலாளிதான். அவரிடம் பெயரும் தொழிலும் இன்னும் ஒட்டியே இருந்தன. பாலா, உங்கள் பிராட்ஃபோர்டு மானிங்ஹாமில் லிஸ்டர் மில் என்று பெரிய புகைபோக்கியோடு நிற்கிறதே, அந்த லிஸ்டரும் இதே சொல்தான், 1870-களில் அதைக் கட்டிய சாமுவேல் லிஸ்டர் பெரும் ஆலை முதலாளி.

காடோடி எழுதியது:

சரி, காலக்கணக்கை ஏற்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எல்லா வாக்கரையும் ஒரே தொட்டிக்குள் தள்ள முடியாது. நியூகாசிலில் டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்று ஓர் ஊரே இருக்கிறது. அங்கே ஓடிய, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் 'வால்', சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொல், இரண்டும் சேர்ந்து வந்த பெயர் அது. அந்த ஊரிலிருந்து கிளம்பிப் போனவனுக்கும் வாக்கர் என்ற பெயர் ஒட்டியிருக்கும்தானே.

ஏடுபுரட்டி எழுதியது:

ஆமாம், அது முழுக்கச் சரி. சிறு கிளைதான், இருந்தாலும் உண்மையான கிளை. ஸ்காட்லாந்தில் இன்னொரு வழியும் உண்டு: கேலிக் மொழியில் 'துணி மிதிப்பவன் மகன்' என்று பொருள்படும் மாக் அன் ஊகடர் என்ற பெயரை ஆங்கிலப்படுத்தியபோது வாக்கர் என்று ஆக்கிக்கொண்டார்கள். டக்கரும் அப்படித்தான், அயர்லாந்தில் ஓ டுவாகர் என்ற குலப்பெயர் ஆங்கிலத்தில் டக்கர் ஆனது, அவர்களுக்கும் டெவன் துணிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

செல்வி_நூலகம் எழுதியது:

அப்படியானால் ஏன் வடக்கின் பெயர் இவ்வளவு பெருகியது என்பதையும் பேசவேண்டும். இங்கிலாந்தின் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர்களில் வாக்கர் முதல் 20-க்குள் வரும், ஃபுல்லரும் டக்கரும் அந்தப் பக்கமே வராது.

எலினோரா கேரஸ்-வில்சன் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1941-இல் ஒரு கட்டுரை எழுதினார். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் துணி மிதிக்கும் ஆலை இங்கிலாந்தில் பரவத் தொடங்கியது. 1185-இல் டெம்ப்ளர் வீரத்துறவிகள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது யார்க்‌ஷயரின் நியூஷமில் அப்படி ஓர் ஆலை இருந்ததைக் குறித்திருக்கிறார்கள். சக்கரத்தின் அச்சில் துருத்தி நிற்கும் கட்டைகள் இரண்டு பெரிய மரச் சம்மட்டிகளை மாறி மாறித் தூக்கிவிடும், அவை துணிமேல் விழுந்துகொண்டே இருக்கும். ஒருவர் பக்கத்தில் நின்று துணியைத் திருப்பிப் போட்டால் போதும். ஆனால் அதற்கு வேகமாக ஓடும் ஆறு வேண்டும். அதனால் லிங்கன், ஸ்டாம்ஃபோர்டு போன்ற பழைய துணி நகரங்களிலிருந்து தொழில் வடக்கு, மேற்கு மலைப்பகுதி ஓடைகளுக்கு நகர்ந்தது என்றார் அவர். 13-ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே அதற்குப் பெயரும் வைத்தார்.

பின்னால் வந்தவர்கள் அதில் மிகை இருக்கிறது என்றார்கள், நகரங்கள் தேய்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றார்கள். எனக்கும் ஆலையை மட்டும் காரணம் காட்டுவது போதாது என்றுதான் படுகிறது. இருந்தாலும் பெயர் உறைந்த காலத்தில் வடக்கில் ஓடைக்கு ஓடை ஓர் ஆலை இருந்தது, ஆலைக்கு ஒரு வாக்கர் இருந்தார் என்பது பெயர்ப் பெருக்கத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

ஆலைகள் பரவியதைச் சாதாரண ஜனங்கள் சந்தோஷமாக வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். செயின்ட் ஆல்பன்ஸ் மடம் தன் குடிகள் எல்லாரும் மடத்தின் ஆலையில்தான் காசு கொடுத்துத் துணி மிதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அவர்கள் வீட்டிலேயே காலால் மிதித்துக்கொள்வோம் என்று 13-ஆம் நூற்றாண்டில் மல்லுக்கட்டினார்கள். தன் காலால் தன் துணியை மிதிக்கும் உரிமைக்காக ஒரு ஊரே மடாதிபதியோடு மோதியிருக்கிறது.

ஹட்டன் தேயிலை எழுதியது:

இழை நல்ல சுவாரசியமாகப் போகுது. எங்களுக்கு மலையகத்தில் வாக்கர் என்றால் வேறு ஞாபகம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் வாக்கர் சன்ஸ், கொழும்பு என்று எழுத்துகள் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். அப்பா அந்த இயந்திரத்தில் வேலை செய்தவர், இயந்திரத்தையே "வாக்கர்" என்றுதான் சொல்லுவார். அந்தக் கம்பனியை ஜான் வாக்கர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1854-இல் கண்டியில் தொடங்கினார், அப்போது கோப்பிக் காலம், கோப்பிப் பழத்தின் தோல் நீக்கும் இயந்திரங்கள்தான் முதலில். அந்த வாக்கரும் இந்த மிதிக்கிற வாக்கர்தானா?

ஏடுபுரட்டி எழுதியது:

ஸ்காட்லாந்து வாக்கர் என்றால் பெரும்பாலும் அதே தொழில்தான் மூலம், ஆங்கிலச் சொல் வழியாகவோ கேலிக் பெயர் வழியாகவோ. 1820-இல் கில்மார்னக்கில் மளிகைக் கடை தொடங்கிய ஜான் வாக்கரும் ஸ்காட்லாந்துக்காரர், அவர் பெயரில்தான் ஜானி வாக்கர் விஸ்கி. குப்பியில் கோலோடு விரைந்து நடக்கும் மனிதரின் படம் 1908-இல் வரையப்பட்டது, பெயருக்கு நடப்பவர் என்ற பொருளை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜார்ஜ் டபிள்யூ புஷ் பெயரில் நடுவில் நிற்கும் எழுத்தும் வாக்கர்தான், பாட்டி வழிக் குடும்பப் பெயர்.

தறிக்காரர் மகன் எழுதியது:

இவ்வளவு வாக்கர்களும் தூரத்துச் சொந்தமாக இருப்பார்களோ? இணையத்தில் "வாக்கர் குடும்பச் சின்னம்" என்று கேடயம் போட்ட கோப்பையெல்லாம் விற்கிறார்கள்.

செல்வி_நூலகம் எழுதியது:

அந்தக் கோப்பையை வாங்கி யாரும் காசைக் கரியாக்க வேண்டாம். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் குடும்பப் பெயருக்குக் கொடுக்கப்படுவதில்லை, குறிப்பிட்ட ஒரு ஆளுக்கும் அவர் நேர் வாரிசுகளுக்கும்தான். அதைக் கவனிக்கவே 1484 முதல் லண்டனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இருக்கிறது. "வாக்கர் சின்னம்" என்று ஒன்று கிடையாது, வாக்கர் என்ற பெயருள்ள யாரோ சிலர் வாங்கிய சின்னங்கள்தான் உண்டு.

சொந்தமா என்பதற்கு மரபணு ஆய்வே இருக்கிறது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது, குடும்பப் பெயரும் அப்படியே. 2000-இல் மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் தன் சொந்தப் பெயரான சைக்ஸை வைத்து 48 ஆண்களைச் சோதித்தார், 21 பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. யார்க்‌ஷயர்ப் பெயர் அது. 2009-இல் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 பெயர்களில் 1,678 ஆண்களை எடுத்துப் பார்த்தார்கள். அரிய பெயர்க்காரர்களிடம் பொது மூதாதை தெளிவாகத் தெரிந்தது. கொல்லனைக் குறிக்கும் ஸ்மித் போன்ற பெயரில், எதேச்சையாகப் பொறுக்கியெடுத்த ஆண்களுக்குள் இருக்கும் ஒற்றுமைக்கு மேல் எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான், தனித்தனியாகப் பெயர் முளைத்தது. வாக்கரும் அப்படி ஊருக்கு ஊர் முளைத்த தொழில் பெயர்தான்.

கடல்தாண்டி எழுதியது:

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பாதிதான். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் போன எட்வர்டு ஃபுல்லரும் சாமுவேல் ஃபுல்லரும் நார்ஃபோக்கைச் சேர்ந்த சகோதரர்கள், அதாவது ஃபுல்லர் வட்டாரத்திலிருந்தே போன ஃபுல்லர்கள். அது விருப்பப்பட்டுப் போனவர்களின் கதை.

வர்ஜீனியாவில் 1624–25-இல் எடுத்த குடியேற்றக் கணக்கில் கேப்டன் வில்லியம் டக்கர் வீட்டுக்குக் கீழே ஆன்டனி, இசபெல்லா என்ற இரண்டு ஆப்பிரிக்கர்களும் ஞானஸ்நானம் பெற்ற அவர்கள் குழந்தை வில்லியமும் பதிவாகியிருக்கிறார்கள். பெற்றோருக்குக் குடும்பப் பெயரே எழுதவில்லை. ஹாம்ப்டன் நகரில் இன்று டக்கர் என்ற பெயரோடு வாழும் கறுப்பினக் குடும்பத்தார் அந்தக் குழந்தையையே தங்கள் முன்னோராகச் சொல்கிறார்கள், அங்கே அவர்கள் பெயரில் பழைய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் வாக்கர், டக்கர் என்ற பெயருள்ள கறுப்பின மக்கள் ஏராளம். அடிமை முறையில் ஆப்பிரிக்கப் பெயரைப் பறித்து எஜமானின் பெயரைச் சூட்டினார்கள், விடுதலைக்குப் பிறகு பெயர் பதியச் சொன்னபோது பலர் தெரிந்த பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரின் மூலத்தைத் தேடி யார்க்‌ஷயர் ஓடைக்குப் போனால் அவர்கள் வரலாறு கிடைக்காது. இங்கே பெயர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பாகக்கூடப் போடாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பிராட்ஃபோர்டு பாலா எழுதியது:

கடல்தாண்டி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. என்னோடு வேலை பார்க்கும் வாக்கர் ஒருவர் ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக்காரர், அவர் குடும்பத்தை எதுவரை பின்னால் தேடிப் போகலாம்? எங்கிருந்து தொடங்கச் சொல்லட்டும்?

ஏடுபுரட்டி எழுதியது:

இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போகச் சொல்லுங்கள். பெயரின் பழைய வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இறங்கி வந்தால் யாரோ ஒருவருடைய தாத்தாவைத்தான் கண்டுபிடிப்பார். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு இங்கிலாந்தில் 1837 ஜூலையில் தொடங்கியது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கில் ஆள் ஆளாகப் பெயர் இருக்கும், ஆனால் பிறந்த ஊரின் பெயர் 1851-லிருந்துதான் கிடைக்கும், அதனால் 1851 ரொம்ப முக்கியம். அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள். 1538-இல் தாமஸ் க்ராம்வெல் ஒவ்வொரு தேவாலய வட்டாரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லா ஊரிலும் ஆரம்பத்து ஏடுகள் மிஞ்சவில்லை, பெயரை ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள்.

ஹாலிஃபாக்ஸ் என்பதால் அவருக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. அந்தப் பகுதியில் பெரும் பகுதி வேக்ஃபீல்டு மேனருக்குள், அதாவது ஒரு பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட நிலப்பகுதிக்குள், அடங்கியது, அதன் நீதிமன்றச் சுருள்கள் 1274-இலிருந்து தொடர்கின்றன. நிலம் கைமாறியது, வேலி உடைத்தது, கடன் தகராறு என்று சாதாரண ஆட்களின் சங்கதிதான் முழுக்க, லத்தீனில் எழுதியிருக்கும். மூலச் சுருள்கள் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்பில் இருக்கின்றன, பல ஆண்டுகளுக்கானவை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிலும் வந்திருக்கின்றன. அச்சு நூல்களில் பெயர் அகராதி பின்னால் இருக்கும், அதில் வாக்கரை மட்டும் பார்க்காமல் ஃபுல்லரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்தர் லத்தீனில் 'ஃபுல்லோ' என்று எழுதிய ஆளை ஊரில் வாக்கர் என்றே கூப்பிட்டிருப்பார்கள்.